மறைக்காமல் சொன்னவர்கள்

"அப்ப இயேசு எங்கதான் பிறந்தாருன்னு அங்க வெச்சுக் கேட்டா என்ன சொல்லுவ?"

"தெரியலன்னு சொல்லுவேன்."

"ரேடியோவுல தெரியும்னுதானே சொன்ன?"

"பெரும்பாலும்னு சொன்னேன் ரம்ஸி. பெரும்பாலும்."

"அந்தப் பெரும்பாலுமெல்லாம் என் மாமனார் காதுல விழலக்கா."

"மாமனார்னு இப்பவே சொல்லாத தம்பி," என்று முன் இருக்கையிலிருந்து ஒரு குரல் வந்தது. "இன்னிக்கி சாயங்காலம் தெரியும், யாரு மாமனார் யாரு வெறும் மரக்கடைக்காரர்னு."

வண்டியில் எல்லோரும் சிரித்தார்கள். என் தம்பி ரம்ஸி மட்டும் கழுத்துப்பட்டையைத் தளர்த்திக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே பார்த்தான். ஈஸ்டர் முடிந்து இரண்டு வாரம். சாலையோரத்துப் பாதாம் மரங்களில் பச்சைக் காய்கள் திரண்டிருந்தன. நாசரேத்திலிருந்து பெத்லகேமுக்கு ரம்ஸிக்காகப் பெண் கேட்டுப் போய்க்கொண்டிருந்தோம். பத்தொன்பது ஆண்கள், நான் ஒருத்தி.

பெண் கேட்கும் கூட்டத்தில் எங்கள் பக்கத்துப் பெண்கள் போவதில்லை. நான் போனதற்குக் காரணம், பெண்ணின் அப்பா அபூ கலீல் அனுப்பிய செய்தி. "கூட்டம் வரட்டும். அந்தச் சரித்திர டாக்டரம்மாவும் கூட வரணும். அவ வரலன்னா கதவு திறக்காது." அவருடைய சொந்தப் பெயர் ஜிரியஸ். ஆனால் மூத்த மகனின் பெயரோடு சேர்த்துத்தான் தகப்பனை அழைப்பது எங்கள் வழக்கம். கலீலின் அப்பா அபூ கலீல். ரம்ஸியின் அப்பா அபூ ரம்ஸி. ரம்ஸிக்கு நான்கு வருடம் முன்பே நஜ்லா என்று நான் ஒருத்தி பிறந்துவிட்டது இந்தக் கணக்கில் வராது.

நான் செய்தது இவ்வளவுதான். கிறிஸ்துமஸ் வாரத்தில் வானொலியில் என்னைப் பேசக் கூப்பிட்டார்கள். இயேசுவைப் பற்றி ஒரு வரலாற்றாசிரியர் எதைத் தெரிந்துகொள்ள முடியும் என்பது தலைப்பு. பத்து வருடமாக நான் படிப்பதும் கற்பிப்பதும் அதைத்தான். இருபது நிமிடம் பேசினேன். அதில் இரண்டு வாக்கியங்களைத்தான் எல்லோரும் கேட்டார்கள். அவர் பெரும்பாலும் நாசரேத்திலேயே பிறந்திருக்கலாம் என்பது ஒன்று. அவரைத் தச்சர் என்கிறோம், ஆனால் கல்லடுக்கி வீடு கட்டுகிறவராகத்தான் இருந்திருப்பார் என்பது இன்னொன்று.

என் அப்பா கொத்தனார். நாசரேத்துக் கொத்தனார். அன்றைக்கு வானொலியின் ஒலியைக் கூட்டி வைத்து, குளிரில் ஜன்னல்களையெல்லாம் திறந்துவிட்டார், தெருவே கேட்கட்டும் என்று. அபூ கலீல் பெத்லகேமில் ஒலிவ மரத்தில் சிலை செதுக்குகிறவர். அவரும் பட்டறையில் வானொலியை வைத்திருந்தார். என் ஒரே பேச்சில் அவருடைய ஊரும் போயிற்று, தொழிலும் போயிற்று. மறுநாள், நாங்கள் அனுப்பியிருந்த கிறிஸ்துமஸ் இனிப்பு டப்பா பிரிக்கப்படாமல் திரும்பி வந்தது.

அதற்கு முன்பு எல்லாம் ஏறக்குறைய முடிவாகியிருந்தது. அவருடைய மகள் நார்தீன் எருசலேமில் ஒரு மருத்துவமனையில் நர்ஸ். ரம்ஸி நோயாளிகளை ஆம்புலன்ஸில் அங்கே கொண்டுபோகிறவன். ஸ்ட்ரெச்சரின் இரண்டு முனைகளைப் பிடித்துக்கொண்டு பழகியவர்கள். "வேற யாரையும் கட்டிக்க மாட்டேன். அப்பா வாயால சரின்னு சொல்லாமலும் கட்டிக்க மாட்டேன்" என்று அவள் ரம்ஸியிடம் சொல்லிவிட்டாள். நான்கு மாதமாக அந்தச் சரி வரவில்லை. ரம்ஸி என்னிடம் ஒருநாள்கூடக் கோபித்துக்கொள்ளவில்லை. கோபித்திருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

சோதனைச் சாவடியில் நாற்பது நிமிடம் நின்றோம். கூட்டத்தின் தலைவராக வந்திருந்த உஸ்தாத் நயீம் அந்த நேரத்தில் தன் உரையை மனத்துக்குள் ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். முப்பது வருடம் தலைமையாசிரியராக இருந்தவர். எங்கள் தெருவில் யார் பெண் கேட்கப் போனாலும் பேச அவரைத்தான் அழைத்துப்போவார்கள். இலக்கண சுத்தமாகப் பேசுவார், நீளமாகவும் பேசுவார்.

அபூ கலீலின் வீட்டுக்குப் பட்டறை வழியாகத்தான் போக வேண்டும். ஒலிவ மரத்தூளின் மணம் தொண்டை வரை இறங்கியது. ஒரு பலகையில், இயேசுவுக்குத் தச்சு பழக்கிய தகப்பன் என்று சொல்லப்படுகிற யோசேப்புகள் நாற்பது ஐம்பது பேர், முகம் செதுக்கப்படாமல் வரிசையாக நின்றார்கள். ஒவ்வொருவர் கையிலும் குட்டி ரம்பம். அவர்களைக் கடந்து போகையில் எனக்குக் கால் கூசியது.

வாசலில் அபூ கலீல் எல்லா ஆண்களையும் கன்னத்தோடு கன்னம் வைத்து வரவேற்றார். மெலிந்த மனிதர். குளித்து, சட்டை மாற்றியிருந்தும் புருவத்தில் மரத்தூள் ஒட்டியிருந்தது. என் முறை வந்ததும் கையை மார்பில் வைத்துத் தலையாட்டினார்.

"வாங்க டாக்டரம்மா. எங்க ஊரு இருந்த இடத்துலயே இருக்கா? இல்ல நீங்க சொன்னதக் கேட்டுட்டு எங்கயாவது எந்திரிச்சுப் போயிருச்சா?"

"அங்கயேதான் இருக்கு மாமா."

"சந்தோஷம்."

நீளமான கூடத்தில் சுவரோரமாக நாற்காலிகள். அவர்கள் பக்கம் இருபது பேர், எங்கள் பக்கம் இருபது பேர். சமையலறைக் கதவு ஒரு சாண் திறந்திருந்தது. அந்தப் பக்கம் பெண்கள் இருப்பது மூச்சுச் சத்தத்திலேயே தெரிந்தது. ஏலக்காய் போட்ட கசப்புக் காபி வந்தது. உஸ்தாத் நயீம் தன் கோப்பையை வாங்கி முன்னாலிருந்த முக்காலியில் வைத்தார். நாங்களும் வைத்தோம். கேட்க வந்ததைக் கேட்டு, பெண்ணின் அப்பா "குடிங்க" என்று சொன்ன பிறகுதான் அதைத் தொட வேண்டும். அவர் சொல்லாவிட்டால், நிறைந்த கோப்பைகளை விட்டுவிட்டு எழுந்து போக வேண்டியதுதான்.

உஸ்தாத் எழுந்தார்.

"மதிப்பிற்குரிய பெரியோர்களே. நற்குடியில் பிறந்த ஒரு மகனுக்காக நற்குடியில் பிறந்த ஒரு மகளைக் கேட்டு வந்திருக்கிறோம். அபூ ரம்ஸியின் கை படாத வீடு எங்கள் நகரில் இல்லை. மகன் ரம்ஸி, ருமேனியா நாட்டில் மருத்துவம் பயின்றவர்."

ரம்ஸி தன் காலணியைப் பார்த்தான். அப்பா முன்னாலிருந்த முக்காலியைப் பார்த்தார். பயின்றது உண்மைதான். முடிக்கவில்லை என்பதை எங்கள் வீட்டில் யாரும் வெளியே சொல்வதில்லை. ஊரில் யாராவது கேட்டால் 'ருமேனியாவில் படித்தான்' என்று சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றுவோம். அப்படிச் சொல்லிச் சொல்லி, அதில் ஒரு பாதி இல்லை என்பதே எங்களுக்கு மறந்துபோயிருந்தது.

"ஆகவே," என்று உஸ்தாத் குரலை உயர்த்தினார், "இயேசுவின் ஊரிலிருந்து புறப்பட்டு உங்கள் வாசலுக்கு..."

அந்த வாக்கியத்தை நாசரேத்துக்காரர்கள் எங்கே போனாலும் சொல்வோம். ஹைஃபாவில் சொல்வோம், அம்மானில் சொல்வோம், விமானத்தில் பக்கத்து இருக்கைக்காரரிடம் சொல்வோம். உலகத்தில் ஒரே ஓர் ஊரில்தான் அதைச் சொல்லக் கூடாது. பழக்கதோஷத்தில் உஸ்தாத் அங்கே வந்து அதைச் சொல்லிவிட்டார்.

"யாரோட ஊரு?" என்றார் அபூ கலீல்.

உஸ்தாத்தின் வாய் திறந்தபடியே இருந்தது.

"இல்ல, தெரிஞ்சுக்கத்தான் கேக்குறேன். யாரோட ஊருலேருந்து வர்றீங்க?"

"அவர் வளர்ந்த ஊர்னு சொல்ல வந்தேன்..."

"நீங்க உக்காருங்க உஸ்தாத். உங்களுக்குச் சொல்லிக் குடுத்தவங்க இங்கயே இருக்காங்க." அபூ கலீல் என் பக்கம் திரும்பினார். கோபமாகப் பேசவில்லை, அதுதான் பயமாக இருந்தது. "டாக்டரம்மா, நான் அஞ்சாவதோட நின்னவன். நீங்க ரேடியோவுல சொன்னதத் திருப்பித் திருப்பி யோசிச்சேன். அவர் உங்க ஊர்ல பிறந்தாரு. உங்கப்பா பாக்குற வேலையப் பாத்தாரு. இன்னும் கொஞ்ச நாள்ல உங்க வீட்டு மாடியிலதான் குடியிருந்தாருன்னும் கண்டுபிடிச்சிருவீங்களா?"

அவர்கள் பக்கம் ஒரு சிரிப்பு எழுந்து அடங்கியது.

"கேலிக்காகச் சொல்லல. நீங்க சொன்ன ரெண்டும் உங்க வீட்டுக்கு வசதியா இருக்கு. எங்க வீட்ல பொண்ணு எடுக்க வர்றவங்க நேர்மையானவங்களான்னு நான் பாக்கணும்ல? அதான் வரச் சொன்னேன்."

என் ஆய்வேட்டை மூன்று பேராசிரியர்கள் துருவித் துருவிக் கேள்வி கேட்டார்கள். அவர்களில் யாரும் இதைக் கேட்கவில்லை. கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான். அதை அவர் கேட்டபோது எனக்கு ஏனோ அவமானமாக இல்லை. யாரோ என் முதுகில் ஒட்டியிருந்த ஒரு தாளைக் கண்டுபிடித்து எடுத்துக் கையில் கொடுத்ததுபோல் இருந்தது. மனத்துக்குள் நன்றி சொன்னேன். பிறகுதான் பயம் வந்தது. ரம்ஸி என்னைப் பார்க்காமல் உட்கார்ந்திருந்தான். ஒரு சின்னப் பொய் சொன்னால் போதும், இவன் கோப்பையை எடுத்துவிடலாம் என்று தோன்றியது. 'நான் சொன்னது எல்லாமே தவறு மாமா, பெத்லகேம்தான்' என்று சொன்னால் போதும்.

"ஒண்ணுல நீங்க சொல்றது சரி," என்றேன். "வேலையப் பத்தி நான் சொன்னது. பழைய எழுத்துல இருக்குற வார்த்தை மரத்துக்கும் பொருந்தும், கல்லுக்கும் பொருந்தும். எது அதிகம்னு என்கிட்ட சாட்சி இல்ல. எங்கப்பா கேட்டுக்கிட்டிருப்பாருன்னு தெரியும். அதனால கல்லுன்னு சொல்லிட்டேன். அது சரித்திரம் இல்ல, ஆசை."

அப்பா தலையைத் தூக்கவில்லை. அவருடைய பெரிய விரல்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டன. நான்கு மாதமாக அவர் கட்டடத்துக்குக் கட்டடம் சொல்லிக்கொண்டிருந்த விஷயம் அது.

"அப்ப ஊரு?" என்றார் அபூ கலீல்.

"அது வேற மாமா. அத மாத்திச் சொல்ல முடியாது. அவர் உங்க ஊர்ல பிறக்கலன்னு நான் சொல்லல, அதுக்கும் என்கிட்ட சாட்சி இல்ல. ஆனா பெத்லகேம் யூதர்களோட பழைய ராஜா பிறந்த ஊரு. இயேசுவும் அங்கதான் பிறந்தார்னா, அவர நேசிச்சவங்களுக்கு அது பெருமை. நாசரேத்து அப்ப ஒண்ணுமே இல்லாத இடம், சில டஜன் வீடு, ஒரு ஊத்து. சொன்னா சிரிப்பாங்க. அப்படியிருந்தும் எல்லாரும் அவர நாசரேத்துக்காரர்னுதான் சொல்லி வெச்சிருக்காங்க. பெருமையா இருக்குறத நாங்க ரெண்டு தடவ யோசிப்போம். வெக்கமா இருக்குறத சீக்கிரம் நம்புவோம். யாரும் தனக்கு வேண்டியவரப் பத்தி வெக்கக்கேடா ஒண்ண இட்டுக்கட்ட மாட்டாங்கல்ல?"

"நல்ல பொழப்பு," என்றார் அபூ கலீல். இந்த முறை இரண்டு பக்கமும் சிரித்தார்கள்.

"அப்ப நாப்பது வருஷமா நான் செதுக்குற குழந்தை இயேசு தொட்டிலு? அது பொய்யா?"

"எனக்குத் தெரியல மாமா. அது பொய்யின்னு சொல்ற அளவுக்கும் எனக்குத் தெரியல."

"சரி, தெரியல தெரியலன்னே சொல்றியே. என்னதான் நிச்சயமாத் தெரியும்? பத்து வருஷம் படிச்சிருக்கியேம்மா."

'டாக்டரம்மா' போய் 'அம்மா' வந்திருந்ததை நான் கவனித்தேன். ஆனால் அதை எதற்கும் அடையாளமாக எடுத்துக்கொள்ளத் துணியவில்லை.

"கொஞ்சம்தான். எழுதினா ஒரு பக்கம் வராது. கலிலேயாக்காரர். யோவான்கிட்டப் போய் ஞானஸ்நானம் வாங்கினார். யோவான் பெரியவரா இவர் பெரியவரான்னு பின்னால கேள்வி வரும்னு தெரிஞ்சும் அவர் கூட இருந்தவங்க அத மறைக்கல. இவருக்குப் புத்தி பேதலிச்சுப் போச்சுன்னு சொந்தக்காரங்களே வீட்டுக்கு இழுத்துட்டுப் போக வந்தாங்க, அதையும் மறைக்கல. யாரும் கூட உக்காந்து சாப்பிடாதவங்க கூடச் சாப்பிட்டார். கடவுளோட அரசு வருதுன்னு சொல்லிக்கிட்டு நடந்தார். ரோமன் ஆளுநர் அவரச் சிலுவையில அறைஞ்சார். திருடனுக்கும் கலகக்காரனுக்கும் குடுக்குற சாவு. அத அவர நம்பாத ரோமக்காரங்களும் எழுதி வெச்சிருக்காங்க. அதுல சந்தேகமே இல்ல."

"அவ்வளவுதானா?"

"இன்னொண்ணு. அவரப் பிடிச்சுக்கிட்டுப் போனப்ப கூட இருந்தவங்க ஓடிட்டாங்க. ஒருத்தர் அவர எனக்குத் தெரியவே தெரியாதுன்னு சொல்லிட்டார்."

"அது எல்லாருக்கும் தெரியும். கோயில்ல வருஷா வருஷம் வாசிக்கிறாங்க."

"நமக்கு எப்படித் தெரியும் மாமா? அங்க வேற யாரு இருந்தா? ஓடிப்போனவங்க பின்னால பெரிய ஆளாயிட்டாங்க. அவங்க பேச்சுக்கு மரியாதை இருந்துச்சு. வாய மூடியிருந்தா நமக்குத் தெரிஞ்சே இருக்காது. அவங்களே சொல்லியிருக்காங்க. நான் ஓடினேன், நான் தெரியாதுன்னு சொன்னேன்னு யாருகிட்டயோ உக்காந்து சொல்லியிருக்காங்க. கேட்டவங்க அதை அழிக்காம அடுத்தவங்ககிட்டக் குடுத்திருக்காங்க."

இந்த வாதத்தை நான் வகுப்பில் எத்தனையோ முறை கரும்பலகையில் எழுதியிருக்கிறேன். எழுதியதும் கையிலுள்ள சுண்ணாம்புத் தூளைத் தட்டிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுவேன். இந்தக் கூடத்தில், பட்டறை மணத்துக்கு நடுவில் உரக்கச் சொன்னபோதுதான் அந்த மனிதர்கள் எனக்குத் தெரிந்தார்கள். பெயர் தெரிந்த மீனவர்கள் சிலர், பெயர் தெரியாத பெண்கள் பலர். இரவல் வீடுகளில் விளக்கடியில் உட்கார்ந்து, தங்களுக்குச் சாதகமில்லாததைச் சொல்லிவிட்டுத் தலைகுனிந்தவர்கள். என் தொழில், என் சம்பளம், என் பத்து வருடப் படிப்பு எல்லாமே அவர்கள் அன்றைக்கு வாயை மூடாததால் வந்தது. அவர்களுக்கு நன்றி சொல்ல எனக்கு இதுவரை தோன்றியதே இல்லை.

கோப்பைகளில் ஆவி அடங்கிவிட்டது. அவர்கள் பக்கத்துப் பெரியவர் ஒருவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். உஸ்தாத் நயீம் நிலைமையைச் சரிசெய்ய மறுபடி எழப் போனார். அவருக்கு முன் அப்பா எழுந்துவிட்டார்.

மாப்பிள்ளையின் அப்பா அந்தக் கூட்டத்தில் பேசக் கூடாது. தலைவர்தான் பேச வேண்டும். "உக்காருங்க அபூ ரம்ஸி, நான் பாத்துக்கறேன்," என்று உஸ்தாத் அவருடைய கோட்டைப் பிடித்து இழுத்தார். அப்பா அந்தக் கையை மெதுவாக விலக்கினார்.

"அபூ கலீல், எனக்கு உஸ்தாத் மாதிரிப் பேசத் தெரியாது. எம்பையன் ருமேனியாவுல டாக்டருக்குப் படிச்சான்னு அவர் சொன்னாரு. அப்படிச் சொல்லச் சொன்னது நான்தான். அவன் படிச்சது ரெண்டு வருஷம். மூணாவது வருஷப் பரீட்சைக்குப் போகல. எங்ககிட்டச் சொல்லவும் இல்ல. இன்னும் ரெண்டு வருஷம் அங்க ஒரு ரொட்டிக் கடையில மாவு பிசைஞ்சுக்கிட்டு, படிக்கிறேன் படிக்கிறேன்னு போன் பண்ணிக்கிட்டிருந்தான். நான் இங்க தெருவெல்லாம் சொல்லி வெச்சிருந்தேன். திரும்பி வந்தப்புறம் ஆறு மாசம் நான் அவன்கிட்டப் பேசல. ஒரே வீட்ல, ஒரே மேஜையில சாப்பிட்டுக்கிட்டு, பேசல. அவன் செஞ்சது ஒரு தப்புன்னா நான் செஞ்சது அதவிடப் பெருசு. உங்க பொண்ணுக்கு இது தெரியும். அவன் முதல்லயே சொல்லிட்டான். உங்களுக்குத்தான் தெரியாது."

சமையலறைக் கதவு இன்னும் கொஞ்சம் திறந்தது. ரம்ஸி முகத்தைக் கைகளால் மூடிக்கொண்டிருந்தான். உஸ்தாத் நயீம் கூரையைப் பார்த்தார்.

"என்னடா இது, பொண்ணு கேக்க வந்துட்டு இப்படிப் பேசுறானேன்னு நினைப்பீங்க," என்றார் அப்பா. "நல்லதும் ஒண்ணு இருக்கு. முதல்லயே அதச் சொல்லியிருந்தா நம்பியிருப்பீங்களோ என்னமோ. போன மழைக்காலத்துல, லிஃப்ட் இல்லாத கட்டடத்துல, நாலாவது மாடியிலேருந்து ஒரு பெரியவர இவன் முதுகுல சுமந்து இறக்கியிருக்கான். கரண்ட்டு இல்ல, இருட்டு. ஒவ்வொரு படியா நின்னு, பயப்படாதீங்க பயப்படாதீங்கன்னு அவர்கிட்டப் பேசிக்கிட்டே இறங்கியிருக்கான். இது இவன் சொல்லி எனக்குத் தெரியாது. அந்தப் பெரியவரோட மருமக எங்க வீட்டத் தேடிப் பிடிச்சு வந்து சொல்லிட்டுப் போனா."

அவர் மூச்சு வாங்கிக்கொண்டார். அறுபத்தெட்டு வயதில் அவர் இவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டதில்லை. சற்று முன்பு நான் எல்லோர் முன்னிலையிலும் அவர் பெருமையைப் பறித்திருந்தேன். அதற்கு அவர் என்னைத் திட்டியிருக்கலாம், அல்லது சும்மா இருந்திருக்கலாம். அதற்குப் பதில் எழுந்து நின்று, என் பக்கத்தில் வந்து நின்றுகொண்டார். இந்த மனிதருடைய வீட்டில் பிறந்தேன் என்பது, நான் எதுவும் செய்யாமலே எனக்குக் கிடைத்தது.

அபூ கலீல் அப்பாவை வெகுநேரம் பார்த்தார். பிறகு ரம்ஸியைப் பார்த்தார். பிறகு தன் விரல்களைப் பார்த்தார். உளி பட்ட தழும்புகள் அவற்றில் வரிவரியாக இருந்தன. என் அப்பாவின் விரல்களில் இருப்பவற்றுக்கும் அவற்றுக்கும் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை.

"எங்க வீட்ல இருக்குறது இவ்வளவுதான் அபூ கலீல்," என்றார் அப்பா. "கூட்டவும் இல்ல, குறைக்கவும் இல்ல. உங்க நார்தீன எங்க ரம்ஸிக்குக் குடுங்க."